நடுப்பாட்டில் நான் நிறுத்திய மேளம்

பாட்டுக்குழு தொடங்க நினைக்கும் பிள்ளைகளே, போன கிழமை உங்களில் நான்கு பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். "உப்புத்தண்ணிக்கு எப்பிடி அண்ணன் இவ்வளவு சனம் சேந்த?" என்று எங்கள் பாட்டுக்குழுவைப் பற்றிக் கேட்டீர்கள். நான் ஏதோ மழுப்பினேன். நீங்களும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, இந்தக் கிழவனிடம் ஒன்றும் இல்லை என்ற முகத்தோடு எழும்பிப் போனீர்கள். உங்களில் பிழையில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். அதை நேரே முகம் பார்த்துச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

நான் மேடையில் நின்றவன் அல்ல. மேடைக்கு எதிரே, சனத்துக்கு நடுவில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்குப் பின்னால் இருந்தவன். மட்டக்களப்பில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தேன். கல்யாணவீடு, கோயில் சடங்கு, மீலாத் விழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் என் பெட்டிகள்தான் போகும். இடது காது மந்தமான பிறகு போன வருடம் வேலையை விட்டேன். சத்தத்தை வைத்துப் பிழைத்தவனுக்குக் காது போனதை நினைத்து நீங்கள் சிரிக்கலாம். நான் சிரித்து முடித்துவிட்டேன்.

நியாஸ் முதன்முதல் என் கடைக்கு வந்தது இரண்டு பெட்டி வாடகைக்குக் கேட்டு. காத்தான்குடியில் அவர்களுக்குப் புடவைக்கடை. தோளில் கிற்றார், கையில் கடைப் பை. என்ன விசேஷம் என்று கேட்டேன். அண்ணனுக்கு அவர்கள் சொல்லும் 'நானா' என்று கூப்பிட்டுப் பதில் சொன்னான்.

"விசேஷம் ஒண்டுமில்ல நானா. பாட்டுப் பழகத்தான்."

"ஆர்ட பாட்டு?"

"எங்கட பாட்டு."

எந்தப் படத்தில் வந்தது என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். தாங்களே எழுதித் தாங்களே மெட்டுப்போட்ட பாட்டு என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அத்தனை வருடத் தொழிலில் அப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்லை. பெட்டிகளை நானே வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். வேடிக்கை பார்க்கப் போனவன்தான், பிறகு அவர்களோடேயே நின்றுவிட்டேன்.

அவர்கள் மூன்று பேர். நியாஸ் பாடுவான், கிற்றார் வாசிப்பான். ரெஜி பறங்கிப் பெடியன், பகலில் தச்சுவேலை, பின்னேரத்தில் பேஸ் கிற்றார். குணா கொக்கட்டிச்சோலைப் பக்கம், வயல்காரர் வீட்டுப் பிள்ளை, ட்றம்ஸ் அடிப்பவன். மூவரில் ஆகக் குறைவாகப் பேசுபவன் அவன்தான், ஆகக் கூடுதலாகச் சத்தம் போடுபவனும் அவன்தான்.

பழகிய இடம் நியாஸின் அக்காவின், அவன் சொல்லில் ராத்தாவின், வீட்டு மேல்மாடி. மச்சான் கட்டாரில் இருந்து அனுப்ப அனுப்ப வீடு உயர்ந்துகொண்டிருந்தது. மேல்மாடிக்குச் சுவர் வந்திருந்தது, யன்னல் வரவில்லை. நாங்கள் அடிக்கும் ஒவ்வொரு அடியும் தெருவுக்கே போகும். பாங்கு கேட்டவுடன் கையை எடுத்துவிடுவோம், தொழுகை முடியும்வரை வாத்தியத்தைத் தொடமாட்டோம். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் வரிகளைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள். நல்ல வரிகள் எல்லாம் அந்தச் சண்டையில் வந்தவை. பக்கத்து வீட்டு உம்மா ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மனே, அந்த டப்பு டப்ப மட்டும் அசருக்குப் பொறகு வெச்சிக்கங்க, எங்கட புள்ள தூங்குது" என்றா. அன்றிலிருந்து குணா அசர் என்ற பின்னேரத் தொழுகைக்குப் பிறகுதான் கம்பைத் தொட்டான். அயலைப் பகைத்துக்கொண்டு நாங்கள் ஒரு பாட்டும் பழகவில்லை.

முதல் நிகழ்ச்சி குணாவின் ஊர்ப்பக்கத்தில், ஒரு விளையாட்டுக் கழகத்தின் விழாவில். இரண்டாவது பாட்டிலேயே சனம் சினிமாப் பாட்டுக் கேட்டுக் கத்தத் தொடங்கியது. நியாஸ் மைக்கில், "எங்களுக்கிட்ட இருக்கிறது இதுதான்" என்றான். பாயைச் சுருட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக எழும்பிப் போனார்கள். கடைசியில் மிச்சம் பதினொரு பேர். கதிரை அடுக்குபவர்களைச் சேர்க்காமல்தான் எண்ணினேன். அந்தப் பதினொரு பேரில் ஒருவர், சாரத்தை மடித்துக் கட்டிய வயல்காரர், மேடைக்குக் கிட்ட வந்தார்.

"தம்பி, அந்த வட்டைக்காவல் பாட்ட இன்னொருக்காப் படிங்க. நான் ராவைக்கு அங்கதான் போறன்."

வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயல்வெளி. யானை வராமல் அங்கே காவல் கிடப்பவனைப் பற்றிய பாட்டு அது. இரண்டாம் முறை படித்தபோது அந்த மனிசன் நின்ற நிலையிலேயே தலையாட்டினார். ரெஜி பதினொரு பேருடைய தொலைபேசி இலக்கத்தையும் ஒரு பலகைத் துண்டில் எழுதிக்கொண்டான். அடுத்த நிகழ்ச்சிக்கு முதல் ஒவ்வொருவருக்கும் தானே அழைப்பு எடுத்தான். அவர்கள் ஆளுக்கு இரண்டு பேரைக் கூட்டி வந்தார்கள். ஒரு வருடத்தில் வாகரை தொடங்கிக் கல்முனை வரை எங்களைக் கேட்க ஆள் இருந்தது. விளம்பரம் என்று நாங்கள் செய்தது அவ்வளவுதான். நீங்கள் கேட்ட கேள்விக்கு இது பாதிப் பதில்.

மற்றப் பாதி வட்டைக்காவல் பாட்டால் வந்தது. பாட்டு நன்றாக இருந்தது, ஆனால் நடுவில் ஒரு இடம் சப்பென்று கிடந்தது. ஒருநாள் பழகும்போது குணா அந்த இடத்தில் ஒரு புது அடி போட்டான். மேல்மாடியே எழும்பி நின்ற மாதிரி இருந்தது. நியாஸ் பாடுவதை விட்டுவிட்டுச் சிரித்தான். குணா சிரிக்கவில்லை. கம்பை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, இது எங்கட ஊர்ச் சடங்கில அம்மாளக் கூப்பிடக்குள்ள அடிக்கிற அடி. சின்னனில நானும் அடிச்சிருக்கன். இத இஞ்ச அடிக்கலாமோ எண்டு யோசினையாக் கிடக்கு."

நியாசுக்கும் ரெஜிக்கும் அது தெரியாத விஷயம். எனக்குத் தெரியும். எத்தனையோ அம்மன் சடங்குக்கு என் பெட்டி போயிருக்கிறது. அந்த மேளம் ஏற ஏறத் தெய்வமாடுபவர்கள் உருவேறி வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அவன் என்னிடம் கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கோயில்ல அடிச்சாத்தான்டா அது கோயில் மேளம். ட்றம்ஸில அடிச்சா வெறும் ட்றம்ஸ்தான்" என்றேன். பெரிய ஞானி மாதிரிச் சொன்னேன். சனத்துக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான் விஷயம்.

பிடித்தது. அந்த அடி வந்தால் சனம் கதிரையில் இருக்காது. ஊர் ஊராக அந்தப் பாட்டைக் கேட்டே வரத் தொடங்கினார்கள்.

பிறகு கல்லடிக் கடற்கரையில் ஒரு பின்னேர நிகழ்ச்சி. வெயில் இன்னும் இறங்கவில்லை. பிள்ளை குட்டிகளோடு சனம் நிறைந்திருந்தது. வட்டைக்காவல் தொடங்கி, குணா அந்த அடிக்குப் போனான். மேடைக்குக் கிட்ட, மூன்றாவது வரிசையில், நீலச் சேலை கட்டிய ஒரு பெண் நின்றா. முப்பத்தைந்து வயது இருக்கும். முதலில் தோள் நடுங்கியது. பக்கத்தில் நின்ற சின்னப் பிள்ளையின் கையை விட்டா. கொண்டை அவிழ்ந்தது. நான் கண்ட அத்தனை சடங்கும் ஒரு நொடியில் ஞாபகம் வந்தது. அடுத்த நொடியில் சுற்றிவர நின்ற போன்கள் எல்லாம் மேடையை விட்டு அவவின் பக்கம் திரும்பின.

நான் பயந்துவிட்டேன். அதை ஒளிக்க மாட்டேன். மேளத்தால்தானே வந்தது, மேளத்தை நிறுத்தினால் போய்விடும் என்று என் புத்தி சொன்னது. மிக்ஸரில் எல்லாவற்றையும் ஒரே இழுவையில் கீழே இழுத்தேன். மேடை செத்துப்போயிற்று.

தொழிலில் நான் செய்த பிழைகளில் அதைவிடப் பெரியது இல்லை. வந்த தெய்வத்தை மேளம் அடித்தே குளிரவைத்து அனுப்ப வேண்டும். நடுவில் மேளம் அறுந்தால் ஆடுபவருக்குப் போக வழியில்லை. சடங்கில் இதைச் சின்னப் பிள்ளையும் அறியும். அந்த நீலச் சேலைப் பெண் அப்படியே விறைத்து நின்றா. கண் மேலே செருகியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகையும் அல்ல, கத்தலும் அல்ல. கையைப் பிடித்து வந்த பிள்ளை வீரிட்டு அழுதது. எங்கேயோ நாலைந்து பெடியன்கள் சிரித்தார்கள்.

குணா மேடையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினான்.

"நிப்பாட்டாதீங்க அண்ணே! நடுவுல விடப்படாது!"

நான் மரம் மாதிரி நின்றேன். அவன் எனக்காகக் காத்திருக்கவில்லை. மைக் இல்லாமலே அடிக்கத் தொடங்கினான். கடற்காற்றில் அந்தச் சத்தம் பாதிதான் வந்தது, ஆனால் வந்தது. அவவின் உடம்பு மறுகா அசைந்தது. குணா அவவின் காலையே பார்த்து அடித்தான். அவ ஒரு எட்டு வைத்தால் அவனும் ஒரு அடி போடுவான், அவ நின்றால் அவனும் பொறுப்பான்.

நியாஸ் போன்களைப் பார்த்தான். மேடைக்குப் பின்னால் எங்கள் பெயர் எழுதிய பெரிய பனர் கட்டியிருந்தது. அதை ஒரே இழுவையில் பிடுங்கினான். ரெஜி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கமாகக் கீழே குதித்து, அந்தப் பெண்ணைச் சுற்றி மறைப்புக் கட்டின மாதிரிப் பிடித்துக்கொண்டார்கள். "போன எறக்குங்க! உங்கட ராத்தாவா இருந்தா எடுப்பீங்களா?" என்று நியாஸ் கத்தினான். சிலர் இறக்கினார்கள். சிலர் கையை இன்னும் உயர்த்தினார்கள்.

அப்போது கடலை விற்கிற ஒரு மனிசி சனத்தை இடித்துக்கொண்டு வந்தா. அவவின் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. கடலைச் சுளகை மணலில் வைத்துவிட்டு, பனருக்குள் போய், ஒரு போத்தல் தண்ணீரை அந்தப் பெண்ணின் தலையில் ஊற்றினா.

"காணும் தாயே, போதும். பிள்ளைகள் தெரியாமக் கூப்பிட்டுட்டுதுகள். குளிர்ந்து போங்க தாயே" என்றா. குணாவின் பக்கம் திரும்பி, "மெதுவா இறக்கு மனே, அவசரப்படாத" என்றா.

குணா இறக்கினான். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் கடலலை கேட்டது. அந்தப் பெண் கடலைக்கார மனிசியின் தோளில் சாய்ந்தா. குணா கம்பைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் கவிழ்ந்து அழுதான்.

அன்றிரவே வீடியோ பரவிவிட்டது. யார் யாரோ எடுத்தவை. பனர் வருவதற்கு முதல் அவவின் முகம் தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகு திரை நிறைய உப்புத்தண்ணி என்ற எங்கள் பெயர். பாருங்கள், மறைக்கப் பிடித்த பனரே எங்களுக்கு விளம்பரம் ஆகிவிட்டது. கொழும்பிலிருந்து, வெளிநாட்டிலிருந்து எல்லாம் அழைப்பு வந்தது. என் மிக்ஸருக்குப் பக்கத்தில் நான் வைத்திருந்த கமெராவில் முழுவதும் பதிவாகியிருந்தது, நல்ல ஒலியோடு. அதை வெளியிடச் சொல்லிக் கேட்டவர்கள் பலர். உண்மையைச் சொன்னால், நான் அழிக்கவில்லை. வெளியிடவும் இல்லை. வைத்துக்கொண்டு இருந்தேன்.

அடுத்த நிகழ்ச்சிக்கு எங்களுக்கு வழமையாக வருவதைவிட மூன்று மடங்கு சனம். முதல் பாட்டிலிருந்தே வட்டைக்காவல் கேட்டார்கள். தலையை விரித்துப்போட்டு ஆடிக் காட்டிச் சிரித்தார்கள் சில பெடியன்கள். எல்லாக் கையிலும் போன் தயாராக நின்றது. இன்னொரு பெண் விழமாட்டாளா என்றுதான் வந்திருந்தார்கள். குணா அந்தப் பாட்டை அடிக்க மறுத்துவிட்டான். கூச்சல் போட்டார்கள், தண்ணீர்ப் போத்தல் எறிந்தார்கள். நான் நாலைந்து பாட்டோடு மூடச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் என் கடைக்கு வந்தா. அதே நீலச் சேலை அல்ல, பாடசாலைச் சேலை. அப்போதுதான் அவ மாங்கேணிப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர் என்று தெரிந்தது. இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"நான் வெக்கப்படல்ல" என்றா. "எங்கட குடும்பத்தில அம்மாவுக்கும் வாறதுதான். அது எனக்கும் அம்மாளுக்கும் உள்ள விஷயம், சடங்கில வரும், சடங்கில போகும். நீங்க கடற்கரையில வெச்சுக் கூப்பிட்டீங்க. கூப்பிட்ட ஆக்களுக்கு அனுப்பத் தெரியல்ல."

கதிரையை மறுபடியும் அவவின் பக்கம் தள்ளி வைத்தேன்.

"எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள், நான் வகுப்புக்குள்ள போகக்குள்ள போன ஒளிக்கிறாங்க. கரும்பலகைப் பக்கம் திரும்பினாச் சிரிப்புக் கேக்குது. பத்து வருசம் படிப்பிச்சன். இப்ப அந்த வகுப்புக்குள்ள கால் வைக்க ஏலாமக் கிடக்கு." பிறகு, "உங்களிட்ட முழுசும் இருக்கெண்டு சொன்னாங்க. எனக்குப் பாக்கோணும். எனக்கு என்ன நடந்ததெண்டு எனக்கே தெரியாது" என்றா.

போட்டுக் காட்டினேன். முழுவதும் பார்த்தா. ஒலி திடீரென்று அறுந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னா.

"இஞ்ச என்ன நடந்த?"

"நான்தான் ரீச்சர் நிப்பாட்டினன்."

"இந்த இடத்திலதான் எனக்குக் கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி இருந்த. அது மட்டும் ஞாபகம் இருக்கு."

மன்னிப்புக் கேட்டேன். மேடையில் ஏறி ஆயிரம் பேருக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதை, பூட்டிய கடைக்குள் கேட்டேன். அவ மிச்சத்தையும் போடச் சொன்னா. கடைசிவரை பார்த்துவிட்டு, எப்படி அழிப்பது என்று கேட்டுத் தன் விரலாலேயே அழித்தா. வாசலில் நின்று, "அந்தத் தம்பி நல்லா இறக்கினவர். அவரிட்டச் சொல்லுங்க" என்றா.

குணாவிடம் சொன்னேன். நால்வரும் மேல்மாடியில் கூடினோம். ரெஜிக்கு அந்த அடியை விட மனமில்லை. "அது இல்லாட்டிப் பாட்டே இல்லடா" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. இருந்தும் அந்த அடியை எடுத்துவிட்டோம். அந்த வீடியோவைப் போட்ட ஒவ்வொருவருக்கும் அதை அழிக்கச் சொல்லி நியாஸ் எழுதினான். பாதிப் பேர் அழித்தார்கள். அந்த அடி இல்லாமல் வட்டைக்காவல் பழைய மாதிரி வரவில்லை, நான் உங்களுக்குப் பூசி மெழுகமாட்டேன். வேடிக்கை பார்க்க வந்த சனம் ஒரு மாதத்தில் கலைந்துவிட்டது. ரெஜி பழைய பலகைத் துண்டை எடுத்து மறுகா அழைப்பு எடுக்கத் தொடங்கினான்.

ஆறேழு மாதம் கழித்து வாழைச்சேனையில் ஒரு மண்டபத்தில், காலை பத்து மணிக்கு ஒரு நிகழ்ச்சி. அரை மண்டபம்தான் சனம். தொடங்கப் போகும் நேரத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்தார்கள். கடைசியில் ரீச்சர். சிரித்த அதே வகுப்பு. அத்தனை பேரையும் முன்வரிசையில் இருத்திவிட்டு, நடுவில் அவவும் இருந்தா. ஒருவர் கையிலும் போன் இல்லை.

மூன்று பாட்டுப் போனது. அடுத்தது வட்டைக்காவல். நியாஸ் முதல் வரியைப் பாடிவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தான். குணா தொடங்கவில்லை. கம்பு கையில் இருக்கிறது, கை எழும்பவில்லை. அவன் கண் முன்வரிசையில். நியாஸ் மறுபடி பாடினான். மறுபடியும் கை எழும்பவில்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என்ன நடந்தது என்று அவர்களுக்கும் தெரியும்.

இந்த முறை நான் மிக்ஸரில் ஒன்றையும் தொடவில்லை.

ரீச்சர் எழும்பினா. வகுப்பில் பேசுகிற மாதிரி, பின்வரிசைக்கும் கேட்கச் சொன்னா.

"பயப்படாம அந்த அடியையும் அடிங்க தம்பி. வந்தாலும், அனுப்ப நீங்க இருக்கிறீங்கதானே."

பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. குணா கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பை உயர்த்தினான். ரீச்சர் இருக்கவில்லை, பாட்டு முடியும்வரை நின்றே கேட்டா. அவவைப் பார்த்து, ஒவ்வொருவராக, அந்த வகுப்பும் எழும்பி நின்றது.